சூடைக்கு முதலிடம்: உடம்பும் கடலும் தாங்கும்படி மீன் வாங்குவது எப்படி

யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். சந்தையில் என்னை இன்றும் "மிஸி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கர்ப்பிணித் தாய்மாரின் வீடுகளுக்குப் போய், இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினீர்களா, அரசு தரும் திரிபோஷாச் சத்துமாவை நீங்கள் சாப்பிடுகிறீர்களா அல்லது வீட்டுப் பிள்ளைகள் முடித்துவிடுகிறார்களா என்று விசாரிப்பேன். வாரத்தில் இரண்டு நாளாவது மீன் சாப்பிடுங்கள் என்று சொல்வதும் என் கடமையாக இருந்தது. அந்தத் தாய்மாரில் பலருடைய கணவன்மார் கடற்றொழிலாளர்கள். "மீன் பட்டால்தானே மிஸி" என்று அவர்கள் சொல்லும்போது அது சாட்டு இல்லை என்பது, முற்றத்தில் பொத்துவதற்காக விரித்துக் கிடக்கும் வலையைப் பார்த்தாலே தெரியும்.

அதனால் மீன் சாப்பிடுங்கள் என்ற புத்திமதியையும் கடலில் மீன் இருக்கிறதா என்ற கேள்வியையும் பிரித்துப் பேச எனக்கு வராது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் கணக்கெடுக்கப்பட்ட கடல்மீன் வளங்களில் 37.7 சதவீதம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது. 1974இல் இது 10 சதவீதமாக இருந்தது. வைத்தியர்களோ எல்லா நாட்டிலும் இன்னும் மீன் சாப்பிடச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் சொல்வது சரிதான். நடுவில் பையோடு நிற்பவர் என்ன வாங்குவது என்பதற்கே இந்தக் கட்டுரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடை, கீரி, நெத்தலி, காரல், கும்பளா என்று நாம் மலிவு மீன் என ஒதுக்குகிறவற்றைத்தான் உடம்பு கேட்கிறது. கடலும் அவற்றைத்தான் சுலபமாகத் தருகிறது. அறக்குளாவும் சுறாவும் கலவாயும்தான் இரண்டு கணக்கையும் குழப்புகின்றன.

எவ்வளவு வாங்குவது, யாருக்குப் போடுவது

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, வாரத்துக்கு இரண்டு பங்கு மீன் போதும், அதில் ஒன்று எண்ணெய்ச்சத்துள்ள மீனாக இருக்கட்டும் என்கிறது. ஒரு பங்கு என்றால் சமைத்த பின் 140 கிராம். அமெரிக்க இருதயச் சங்கமும் இரண்டு பங்குதான் சொல்கிறது. அவர்களுடைய பங்கு இன்னும் சிறியது, சமைத்தது ஏறத்தாழ 85 கிராம். பிள்ளைகளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வயதுக்கேற்ற அளவு வைத்திருக்கிறது: ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு வேளைக்கு 30 கிராம் அளவில், நான்கு முதல் ஏழு வரை 60 கிராம் அளவில், எட்டு முதல் பத்து வரை 85 கிராம் அளவில்.

இதை வீட்டுக் கணக்காக மாற்றினால், இரண்டு பெரியவர்களும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடிய மீன் சதை வேண்டும். தலை, குடல், முள், செதிள் எல்லாம் கழிந்த பிறகு முழு மீனில் பாதியளவே சதையாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், சந்தையில் இரண்டு கிலோ அளவில் வாங்கினால் சரி. தலையைக் குழம்பில் போட்டுச் சூப்பி, சினையைத் தனியாகப் பொரித்துச் சாப்பிடுகிற நம்மவர்களுக்கு அதைவிடக் குறைவே போதும். ஒரு நாளைக்கு ஒரு கிலோவாக இரண்டு நாள். மற்ற நாட்களில் பருப்பு, முட்டை, கீரை.

நாள்தோறும் மச்சம் இல்லாவிட்டால் சோறு இறங்காது என்கிறவர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். ஆனால் நம் ஊர் நாட்காட்டியே ஏற்கெனவே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை விரதம், நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாள், பிறகு கந்தசஷ்டி. கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கி மீன் எடுப்பார்கள். ஆக ஒரே சந்தையில் எல்லோரும் ஒரே நாளில் மீனுக்கு அடிபடுவதில்லை. இந்த வழக்கத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் வீட்டுக்கு நான் அளவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

அளவை விட என்னைக் கவலைப்படுத்தியது பங்கீடு. சட்டியில் மீன் இருக்கும். முதலில் கணவனுக்கு நடுத்துண்டு, பிறகு மாமனாருக்கு, பிறகு ஆண்பிள்ளைக்கு. கடைசியில் சாப்பிட உட்காரும் கர்ப்பிணியின் கோப்பையில் குழம்பும் வாலும். வாரம் இரண்டு பங்கு என்ற கணக்கு வீட்டுச் சட்டியைப் பார்த்துப் போட்டதல்ல, ஆளைப் பார்த்துப் போட்டது. குழந்தையின் மூளையும் கண்ணும் வளர வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு தாயின் கோப்பையிலிருந்துதான் போக வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் டிஎச்ஏ என்ற கொழுப்பு நாளுக்கு 200 மில்லிகிராமாவது தேவை என்பது உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர்களின் கணக்கு. எனவே அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியதும் அவளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் முதலில் எடுத்து வைத்து மூடிவிடுங்கள். மேலதிகமாக ஒரு மீன்கூட வாங்காமல் செய்யக்கூடிய காரியம் இது.

பெரிய மீனும் சுறா வறையும்

கடல்நீரில் சேரும் பாதரசம் கண்ணுக்குத் தெரியாத உயிர்களிலிருந்து சின்ன மீனுக்கும், சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனுக்கும் போய்ச் சேருகிறது. உடம்பிலிருந்து அது சுலபத்தில் வெளியேறுவதில்லை. ஆகவே பல வருடம் வாழ்ந்து, மற்ற மீன்களை வேட்டையாடித் தின்ற மீனில்தான் அது கூடுதலாக இருக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிச்சத்துக்கு வந்த நோய், ஆலைக் கழிவில் வந்த பாதரசம் குடாக் கடல் மீன் வழியாக மனிதரிடம் போனதால் வந்தது. அங்கே பெரிய நோய் எதுவும் தெரியாத தாய்மாருக்குக்கூட நரம்பு பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. நம் கடலில் அப்படி ஒன்றும் நடந்துவிடவில்லை, யாரும் பயப்பட வேண்டாம். கர்ப்பிணிக்கு மீன் வகையில் ஏன் தனிக் கவனம் என்பதற்காகவே சொல்கிறேன்.

கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் தவிர்க்க வேண்டிய மீன்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் பட்டியலில் சுறா, வாள்மீன், மார்லின், பெருங்கண் சூரை, கிங் மக்கரல் ஆகியவை இருக்கின்றன. மூக்கு நீண்ட தளப்பத்து இனத்தையும் நான் இந்தக் கூட்டத்திலேயே சேர்ப்பேன். அவர்கள் சொல்லும் கிங் மக்கரல் அத்திலாந்திக் கடல் மீன். நம் அறக்குளா அதே பேரினத்தில் வரும் வேறு இனம். அப்படியே ஒப்பிட்டுத் தடை போட முடியாது. ஆனாலும் குணம் ஒன்றுதான், வேட்டை மீன். அதனால் கர்ப்பிணிக்கு அறக்குளாவை எப்போதாவது ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன், வாரந்தோறும் வேண்டாம். சின்ன அறக்குளா வாங்கினால் பாதரசம் குறைவே, ஆனால் அது இன்னும் முட்டை போடாத மீனாக இருக்கும். உடம்புக் கணக்கும் கடல் கணக்கும் உண்மையாகவே முட்டிக்கொள்ளும் இடம் இது. அந்த இடத்தை விட்டு விலகிப் போவதுதான் எனக்குத் தெரிந்த வழி.

இனி, சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்தும் சொல்ல வேண்டியது: பிள்ளைப்பெற்ற வீட்டுச் சுறா வறை. பால் ஊறுவதற்குப் பால்சுறா என்பது நம் பாட்டிமாரின் நம்பிக்கை. பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவதாலும், தாய் வயிறாரச் சாப்பிட்டு நீர் குடிப்பதாலும்தான். சுறாவில் நல்ல புரதம் இருக்கிறது என்பது உண்மை. அதே புரதம் சூரையிலும் காரலிலும் இருக்கிறது. சுறாவும் திருக்கையும் மற்ற மீன்களைப் போல இலட்சக்கணக்கில் முட்டை போடுவதில்லை. பருவத்துக்கு வரப் பல வருடம் எடுத்து, ஒரு தடவையில் சில குட்டிகளே போடும் பிராணிகள் அவை. உலகின் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாக இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் மதிப்பீடு சொல்கிறது. இலங்கையில் கசைவால் சுறாக்களைப் பிடிப்பது 2012 முதல் தடை. திமிங்கலச் சுறாவும் வெண்துடுப்புச் சுறாவும் பின்னர் அந்தத் தடைக்குள் வந்தன. சந்தையில் சின்னதாக, மென்மையாகக் கிடக்கும் சுறாவைப் பால்சுறா என்று கூவி விற்பார்கள். அது சின்ன இனமா, பெரிய இனத்தின் குட்டியா என்று தோலும் தலையும் போன பிறகு யாராலும் சொல்ல முடியாது.

வறையை விடச் சொல்லவில்லை. வறைக்குள் போகும் மீனை மாற்றுங்கள். வரிச்சூரை சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் இனம் பெருக்கும் மீன். பெரிய சூரைகளை விடப் பாதரசமும் குறைவு. அரைக் கிலோ சூரைத் துண்டுகளை மஞ்சளும் உப்பும் போட்டு, ஒரு கொறுக்காய்ப்புளித் துண்டோடு அவித்து எடுங்கள். ஆறியதும் தோலையும், நடுவில் ஓடும் கறுத்த சதையையும் நீக்கிவிட வேண்டும். சுறா வாசனைக்குப் பழகிய வாய் சூரை வறையைக் குறை சொல்வது பெரும்பாலும் இந்தக் கறுத்த சதையால்தான். வெள்ளைச் சதையை விரலால் உதிர்த்து, உள்ளங்கையில் வைத்து நீரைப் பிழிந்துவிட்டு, தேங்காய்ப்பூவோடு பிசைந்து வையுங்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை வதங்கியதும் இதைக் கொட்டி, மிளகும் சீரகமும் இடித்த தூள் போட்டு, அடுப்பைக் குறைத்து ஈரம் வற்றக் கிளறுங்கள். பிள்ளைப்பெற்றவளுக்கு என்றால் பச்சை மிளகாய் வேண்டாம். இறக்கிய பிறகு இரண்டு துளி தேசிக்காய்ப்புளி. மாமியார்மார் சாப்பிட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது என் நிபந்தனை.

சின்ன மீன் வேறு, மீன்குஞ்சு வேறு

சின்ன மீன் சாப்பிடுங்கள் என்று சொன்னதும் சிலர் விரல் நீளப் பாரைக் குஞ்சையும் விளைக் குஞ்சையும் வாங்கிக்கொண்டு வந்து, "நீங்கள் சொன்னதுதானே மிஸி" என்று காட்டுவார்கள். இந்த வித்தியாசம் புரியாவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண்.

சூடையும் நெத்தலியும் அவ்வளவுதான் வளரும் மீன்கள். ஒரு வருடத்துக்குள் பருவத்துக்கு வந்து முட்டை போட்டுவிடும். உங்கள் கைக்கு வரும் சூடை பெரும்பாலும் தன் கடமையை முடித்த, அல்லது முடிக்கும் வயதில் உள்ள மீன். பாரையும் விளையும் கலவாயும் அப்படியில்லை. கலவாய் இனங்களில் பலவும் பெண்ணாகவே வாழ்வைத் தொடங்கி, பெரிதாகி வயது போன பிறகுதான் ஆணாக மாறுகின்றன. குஞ்சைப் பிடித்தால் முட்டை போட ஆளில்லை. பெரியதையே தேடித் தேடிப் பிடித்தால் ஆணில்லை. கலவாயை நான் வாங்குவதில்லை, காரணம் இவ்வளவுதான்.

சந்தேகம் வந்தால் மீனைக் கழுவும்போது பார்த்துக்கொள்ளலாம். சூடையை இடது கையில் மல்லாத்திப் பிடித்து, செவுளுக்குக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்துத் தலையைப் பின்பக்கமாக ஒடித்து இழுத்தால், குடல் தலையோடு சேர்ந்து வந்துவிடும், கத்தி வேண்டாம். அடிவயிற்று ஓரத்தில் விரலைத் தடவினால் கூரிய முள் வரிசை தட்டுப்படும். அந்த விளிம்பை மட்டும் மெல்லியதாகக் கத்தியால் சீவிவிட்டு வயிற்றுக்குள் விரலை விடுங்கள். பருவத்துக்கு வந்த மீனாக இருந்தால், முட்டை போடும் காலத்தில் முதுகெலும்பை ஒட்டி இரண்டு இதழாகச் சினை இருக்கும். பெண்ணில் மஞ்சளாக மணி மணியாக, ஆணில் வெள்ளையாக வழுவழுவென்று. முள்ளு முள்ளாகச் செதிளும் கண்ணும் பெரிதாகத் தெரியும் பாரைக் குஞ்சின் வயிற்றில் எந்தக் காலத்திலும் ஒன்றும் இருக்காது. பொதுவாகவே உடம்புக்கு மிஞ்சின கண் உள்ள மீன் குஞ்சு என்று சந்தேகப்படுங்கள்.

வாங்க முன் ஒரே கேள்வி போதும்: "இது இன்னும் வளருமா?" விற்கிறவருக்கு இதற்குப் பதில் தெரியும். அவர் சிரித்தால் அதுவும் பதில்தான்.

நண்டுக்கு இந்த விதி இன்னும் சுலபம். நீலக்கால் நண்டின் பெண் முட்டையை வயிற்று மடலின் வெளியே சுமக்கும். முதலில் செம்மஞ்சளாக இருந்து, பொரிக்கும் நாள் நெருங்கக் கறுக்கும். அந்த நண்டு கூறில் கிடந்தால் வேறு கூறைப் பாருங்கள். முட்டை நண்டு குழம்புக்குச் சுவை என்பது உண்மையே. அந்தச் சுவைக்கு இலட்சக்கணக்கான நண்டைக் கொடுக்கிறோம். சிங்க இறாலில் முட்டை சுமக்கும் பெண்ணைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படியே குற்றம்.

எந்த வலையில் பட்டது

மீனின் பெயரைக் கேட்பதோடு நின்றுவிடாமல், எந்த வலையில் பட்டது என்றும் கேளுங்கள். பாசையூரிலும் நாவாந்துறையிலும் காக்கைதீவிலும் கரையிலேயே வாங்குகிறவர்களுக்கு இது சுலபம். சுன்னாகத்திலோ திருநெல்வேலியிலோ வாங்குகிறவர்கள் சைக்கிளில் கொண்டுவருகிறவரைக் கேட்க வேண்டும்.

ஆழமில்லாக் கடலில் கம்பு நட்டு வலை கட்டும் களங்கட்டியிலும் கூட்டிலும் பட்டது, தூண்டிலில் பட்டது, சிறிய வள்ளத்துச் செவுள்வலையில் பட்டது என்றால் பொதுவாக நிம்மதியாக வாங்கலாம். தொழில் செய்கிறவர் வலைக்கண்ணின் அளவை நாணயமாக வைத்திருக்கிறாரா என்பது வேறு விஷயம். கூறில் குஞ்சு நிறைந்து கிடந்தால் கண்ணின் அளவு உங்களுக்கே தெரிந்துவிடும். இழுவைமடி கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகிறது. பாக்கு நீரிணையின் ஆழமில்லாத அடித்தளத்தில் சாதாழை என்ற கடற்புல் வளர்ந்திருக்கும் இடங்களில்தான் ஒராவும் இறாலும் நண்டும் குஞ்சாக ஒதுங்குகின்றன. அதை ஒருமுறை வழித்துவிட்டால் அடுத்த வருடத்து மீனுக்கு ஒளிக்க இடமில்லை. இலங்கையில் இழுவைமடியை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். எதிர்க்கரையான தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகுகள் திங்கள், புதன், சனி என்று நாள் வைத்து வருவதும், அந்த இரவுகளில் நம் தொழிலாளர் வலை அறுந்துபோகும் என்று வலை விடாமல் கரையில் நிற்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. நம் பக்கத்திலும் இழுவைமடி வைத்திருந்தவர்கள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

வாங்குகிறவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. படகு வந்த இரவுக்கு மறுநாள் சந்தையில் பெருங்கடல் மீன் குறைந்து விலை ஏறும். அன்றைக்கு மீன் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் உங்கள் மரக்கறி நாளை அந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் நம் கரையில் பயமில்லாமல் வலை விடுவார்கள்.

தங்கூசி என்ற ஒற்றை நைலோன் இழை வலை தடை. வெடி போட்டுப் பிடிப்பதும் தடை. வெடி மீனை அடையாளம் காண்பது கடினமில்லை: வெளியே பளபளப்பாக இருக்கும், வெட்டும்போது முதுகெலும்பை ஒட்டி இரத்தம் கட்டியிருக்கும், சில வேளை எலும்பே முறிந்திருக்கும், வயிற்றுக்குள் காற்றுப்பை வெடித்துக் கிடக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் அந்த இடத்தில் அடுத்த முறை வாங்காதீர்கள். சண்டை போட வேண்டாம், அது பயனில்லை. வாடிக்கை போவதுதான் அவருக்கு விளங்கும் மொழி.

ஒராவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சாதாழையையும் பாசியையும் மேய்கிற மீன், வேட்டை மீன் இல்லை, எனவே பாதரசப் பயம் குறைவு. கையளவு வளர்ந்த ஒரா தைரியமாக வாங்கலாம். துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. சமைக்கும்போது விரலில் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் கையை வையுங்கள், கடுப்பு இறங்கும். முள்ளை வெட்டித் தரச் சொல்லி வாங்குவது இன்னும் நல்லது.

சட்டிக்குப் போகும்வரை

உடன் மீனைப் பார்த்து வாங்க யாழ்ப்பாணத்தவருக்கு நான் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சூரை, கும்பளா, சூடை ஆகிய மீன்கள் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். மீன் ஒவ்வாமை என்று நினைத்து ஆயுளுக்கும் மீனை விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு ஒவ்வாதது மீன் இல்லை, ஐஸ் போடாத பெட்டிதான். சோளகக் காலத்து வெயிலில் பத்து மணிக்குப் பிறகு ஐஸ் இல்லாமல் வரும் சூரையை, விலை பாதியாக இருந்தாலும் தொடாதீர்கள்.

சூடைக்கு எதிராகச் சொல்லப்படும் ஒரே குற்றம் முள். அதற்கு மருந்து கொறுக்காய்ப்புளியும் பொறுமையும். ஒரு கிலோ சூடைக்கு நான்கைந்து கொறுக்காய்த் துண்டை ஊறவைத்து அரைத்து, மிளகுத்தூள், மஞ்சள், உப்பு, தட்டிய உள்ளி சேர்த்துப் பூசுங்கள். மண்சட்டியின் அடியில் கறிவேப்பிலை பரப்பி, மீனை நெருக்கமாக அடுக்கி, மட்டமாக மூடும் அளவு தண்ணீர் விட்டு, தணலில் ஒன்றரை மணித்தியாலம் விட்டுவிடுங்கள். புளிப்பில் வெந்து முள் மசிந்துவிடும். பல்லில்லாத கிழவரும் சாப்பிடலாம், முள்ளின் சுண்ணாம்புச் சத்தும் வீணாகாது. பிரஷர் குக்கரில் அரை மணித்தியாலம் போதும், சுவை ஒரு படி குறையும். பொரித்தால் மொறுமொறுப்பு நமக்கு, நல்ல கொழுப்பில் ஒரு பகுதி எண்ணெய்ச் சட்டிக்கு. பொரியலை மாதத்தில் ஓரிரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச மீனால் நிறையப் பேருக்குச் சமைக்கும் வித்தை நம்மிடமே இருக்கிறது: ஒடியற் கூழ். அரைக் கிலோ சின்ன மீன், இரண்டு நண்டு, ஒரு கை இறால். மீதி எல்லாம் பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா. எட்டுப் பேர் வியர்க்க வியர்க்கக் குடிக்கலாம். வெளிநாட்டிலிருந்து ஆடி, ஆவணியில் வரும் உறவினருக்கு ஆளுக்கொரு பெரிய விளை பொரிக்க வேண்டும் என்று அலையும் வீடுகள் இதை யோசிக்கலாம். அவர்கள் ஏங்கிக்கொண்டு வருவதும் கூழுக்குத்தான்.

மீன் படாத நாளுக்கு

வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிய வாரங்களில் டின் மீன் நல்ல மாற்று. நம் கடைகளில் கிடைக்கும் 425 கிராம் டின்னில் நீரை வடித்தால் 280 கிராம் மீன். இரண்டு பெரியவர்களுக்குச் சரியாக ஒரு வேளைப் பங்கு. முள்ளோடு சாப்பிடுங்கள், உப்பு நீரை ஊற்றிவிடுங்கள். கருவாட்டை மீன் பங்காக நான் எண்ணுவதில்லை, உப்பு அதிகம்; நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியிருக்க, ஒரு துண்டுக் கருவாடு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்துக் கொட்டிவிட்டு, கத்தரிக்காயோடு சுவைக்காகக் கொஞ்சம் போட்டால் போதும்.

இன்னொன்று, நம்மவர் மூக்கைப் பிடிக்கும் ஜப்பான் மீன். 1950களில் இலங்கைக் குளங்களுக்கு வந்த இந்தத் திலாப்பியா, இரணைமடுவிலும் வவுனியாக் குளங்களிலும் இருந்து வருகிறது. கடல் மீனின் ஒமேகா 3 இதில் குறைவு, எனவே வாரத்து எண்ணெய் மீன் பங்கை இது நிரப்பாது. ஆனால் இரண்டாவது பங்குக்குப் புரதமாக நன்றாகப் பொருந்தும், பாதரசமும் குறைவு, கடலிலிருந்து ஒரு கிலோ குறைகிறது. சேற்று வாடை என்பதுதான் முறைப்பாடு. வயிற்றின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலை நகத்தால் முழுக்க உரித்தெடுத்து, உப்பும் தேசிக்காய்ப்புளியும் பூசிக் கால் மணித்தியாலம் வைத்துக் கழுவிவிட்டு, அறக்குளாவுக்குப் போடும் அதே தூளில் பழப்புளி சற்றுத் தூக்கலாகக் குழம்பு வையுங்கள். வீட்டில் யாரும் கேட்காதவரை என்ன மீன் என்று சொல்ல வேண்டியதில்லை.